இடது கை கொடுத்த வாக்குமூலம்

எங்கள் பீச் ஃபோர்க்கில் ஒரு மனிதன் மனைவியை மாற்றலாம், சபையை மாற்றலாம், தேர்தலுக்குத் தேர்தல் கட்சியை மாற்றலாம். யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அணில் சுடும் துப்பாக்கியை மட்டும் மாற்ற முடியாது. பம்ப், லீவர் என்று அதில் இரண்டு ஜாதி. பம்ப் வீட்டில் பிறந்தவன் பம்ப், லீவர் வீட்டில் பிறந்தவன் லீவர். இரண்டும் சுடுவது ஒரே ‘இருபத்திரண்டு’ அளவுத் தோட்டாவைத்தான். சாவதும் ஒரே அணில்தான். குழம்பில் போட்டபின் எந்தத் துப்பாக்கி என்று அணிலைக் கேட்டாலும் சொல்லாது. ஆனாலும் இந்த ஊரில் பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கதவுக்கு மேலே என்ன தொங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள்.

இந்த ஒரு சங்கதியை வைத்தே ஓர் ஆள்மாறாட்ட வழக்கை முடித்துவிடலாம் என்று என் பாஸ் வெர்னா ஸ்டால்நேக்கர் அந்த வியாழக்கிழமை காலை முடிவு கட்டினார். மேற்கு வர்ஜீனியாவின் இந்தப் பக்கத்து மலைகளில் துப்பறியும் தொழில் செய்யும் ஒரே பெண்மணி அவர். ஒரே ஆள் என்றே சொல்லலாம். நான் அவருடைய உதவியாளன் டூயி கட்லிப். கார் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆகியவை என் வேலைகள். கடைசி வேலை எனக்கு இன்னும் கைவரவில்லை.

எங்கள் ஆபீசில் எதிரே உட்கார்ந்திருந்தவள் ஐஸி கோகர். ஐம்பதைத் தொடும் வயது, கல்யாணம் ஆகாதவள். அப்பா ஏசா கோகரை அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டவள். அவள் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“வெர்னா, அவன் என் தம்பியா இல்லையா? அத மட்டும் சொல்லு. திங்கக்கிழம ஜட்ஜ் கேப்பாரு. நான் பதில் சொல்லணும்.”

“உன் மனசு என்ன சொல்லுது?”

“மனசு ஒரு நாள் ஆமாங்குது, ஒரு நாள் இல்லங்குது. அத நம்பி ஒரு ஆள எப்படி ஜெயிலுக்கு அனுப்பறது?”

விஷயம் இதுதான். ஐஸியின் தம்பி வெண்டெல், மீசை முளைத்தும் முளைக்காத வயதில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். பிறகு போருக்குப் போனான் என்று கேள்வி. அதற்கப்புறம் தகவல் இல்லை. இந்தக் கோடையில் அப்பா செத்தார். மகன் உயிரோடு வந்தால் வீடும் நிலமும் அவனுக்கு, வராவிட்டால் ஐஸிக்கு என்று எழுதி வைத்திருந்தார். சொல்லிவைத்தாற்போல் ஓர் ஆள் வந்து இறங்கினான். டாங்கி பற்றி எரிந்ததில் முகம் வெந்து, வேறு தோல் ஒட்டிய முகம். குரல் கரகரப்பு. விரல் நுனித் தோலும் அதே நெருப்பில் போய், கைரேகைக்கும் வழியில்லை. கையில் வெண்டெல் கோகர் என்ற பெயரில் ராணுவக் காகிதங்கள்.

“காகிதம் இருக்கேம்மா” என்றேன்.

“அதே டாங்கியில கூட இருந்தவன் செத்தவனோட பையிலேர்ந்து எடுத்திருக்கலாம். கதையும் அவன் வாயிலேர்ந்தே கேட்டிருக்கலாம். எங்க நாய் பேரு சொல்றான், அம்மா பாடற பாட்டு சொல்றான். அதெல்லாம் சலூன்ல ஒரு மணி நேரம் உக்காந்தா எவனும் சொல்லிடுவான். நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஒண்ணு சொல்லுடான்னு கேட்டேன். தரையப் பாத்துக்கிட்டு நின்னான். ‘என்னால சொல்ல முடியாது’ன்னான்.”

“பள்ளிக்கூடத்துல நானும் இதேதான் சொல்லுவேன்” என்றேன்.

ஐஸி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“எனக்கு வீட்டு மேல ஆச இல்லாம இல்ல” என்றாள் ஐஸி, தொப்பியைச் சரி செய்தபடி. “பொறந்ததுலேர்ந்து அங்கதான் கெடக்கறேன். அவன் வெண்டெல்தான்னா இப்பவே பொட்டிய கட்டிருவேன். எந்தம்பி பேர வச்சிக்கிட்டு எவனோ ஒருத்தன் வந்து எங்கப்பா கட்டில்ல படுக்கறதுன்னா, அத என்னால தாங்க முடியாது.”

அவள் போனதும் வெர்னா தன் கண்ணாடியைத் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் யாரோ மாட்டப்போகிறார்கள் என்று அர்த்தம்.

“டூயி, சனிக்கிழம என்ன?”

“அணில் சீசன் ஆரம்பம்.”

“பொட்டி மட்டும் தூக்கிக்கிட்டு வந்த ஆளுக்கு என்ன வேணும்?”

“துப்பாக்கி வேணும். கடன் கேட்டா இந்த ஊர்ல பொண்டாட்டியக் கேட்ட மாதிரி பாப்பாங்க.”

“அப்ப கடைக்குத்தான் போகணும். கோகர் வீட்டுல எல்லாரும் என்ன?”

“லீவர். ஏசா கோகர் பம்ப் துப்பாக்கிய ‘திருவிழாத் துப்பாக்கி’ம்பாரு. அத வீட்டு வாசப்படி தாண்ட விடமாட்டாரு.”

“வா, போலாம்.”

*

ஓக்கி டென்னியின் கடையில் ஆணி கிடைக்கும், விதை கிடைக்கும், சவப்பெட்டிக்குப் பிடி கிடைக்கும். ஓக்கி பரம்பரை பம்ப் ஆள். வியாபாரத்துக்காக லீவரும் விற்கிறார், பல்லைக் கடித்துக்கொண்டு. நாங்கள் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பதுங்கினோம். நானாவது ஒல்லி. பாஸுக்கு இரண்டு அடுக்கு டப்பா தேவைப்பட்டது.

அந்த ஆள் வந்தான். உயரமான ஆள், தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தான். ஓக்கி இரண்டு துப்பாக்கிகளை மேஜைமேல் வைத்தார்.

“பாருப்பா தம்பி, ரெண்டும் இருபத்திரண்டுதான். ரெண்டுலயும் தோட்டா கொழாய்க்குக் கீழ வரிசையா போய் உக்காந்துக்கும். அடுத்த தோட்டாவ மேல கொண்டுவர்றதுலதான் வித்தியாசம். இது லீவர். விசைக்குக் கீழ இந்த வளையம் இருக்கு பாரு, சுடற கையாலயே இத கீழ தள்ளி மேல இழுக்கணும். ஒவ்வொரு வாட்டியும் கை விசைய விட்டு வரும். குப்புறப் படுத்துச் சுட்டா வளையம் தரையில இடிக்கும். எல்லாத்தையும் சொல்லிட்டேன், அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“அது?”

“அது பம்ப்.” ஓக்கியின் குரல் சபையில் பாடுகிற குரலாக மாறியது. “சுடற கை விசைய விட்டு அசையவே வேணாம். இடது கை புடிச்சிருக்கு பாரு இந்த மரக்கட்ட, இத பின்னால ஒரு இழு, முன்னால ஒரு தள்ளு. அவ்வளவுதான். கண்ணு அணில விட்டு நகரவே நகராது.”

“கட்ட ஆடுமே. நடக்கும்போது கடகடன்னு சத்தம் வரும்” என்றான் அவன்.

“அந்தச் சத்தத்துக்குக் காது இருக்கற அணில நான் இன்னும் பாக்கல.”

அவன் பம்ப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடையில் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்த கிழங்கள் எல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தன. அவன் லீவரை எடுத்தான். தோளில் வைத்தான், இறக்கினான்.

“லீவர்” என்றான். “எங்க வீட்டுல வேற எதுவும் கெடையாது.”

கிழங்கள் தலையாட்டிவிட்டுச் சீட்டுக்குத் திரும்பின. ஓக்கிக்கு நெருங்கிய உறவில் ஒரு சாவு விழுந்ததுபோல் முகம் தொங்கியது.

“போச்சு பாஸ்” என்று கிசுகிசுத்தேன். “அசல் கோகர். ஐஸியம்மாவுக்குப் பொட்டி கட்ட நான் ஒரு கை குடுக்கறேன்.”

“சும்மா இரு. வாய் எத வேணா படிச்சிட்டு வரும்” என்றார் வெர்னா. டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அப்போதுதான் கடைக்குள் நுழைந்தவர்போல் பாவனை செய்தார். மூக்கில் பச்சைப் பெயிண்ட்.

“ஓக்கி, சுட்டுப் பாக்காம துப்பாக்கி விக்கறியா? உங்கப்பா இருந்தா விட்டிருப்பாரா?”

கடைக்குப் பின்னால் வேலி. வேலிக்கட்டைகளின்மேல் ஓக்கி பச்சை வாதுமைக் காய்களை வரிசையாக வைத்தார். வெண்டெல் என்று சொல்லிக்கொண்ட அந்த ஆள் துப்பாக்கியைத் தோளில் ஏற்றினான். முதல் காய் சிதறியது. நல்ல குறி.

அடுத்த காய்க்குத் திரும்பினான். அப்போதுதான் அது நடந்தது.

அவன் இடது கை துப்பாக்கியின் முன்பக்க மரத்தைப் பிடித்து, பின்னால் இழுத்தது.

லீவர் துப்பாக்கியில் அந்த மரம் அசையாது. ஆணியடித்து வைத்தது. கை ஒருமுறை இழுத்துப் பார்த்தது, ஏமாந்தது, பிடியை மாற்றிக்கொள்வதுபோல் நகர்ந்தது. பிறகு வலது கை வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தது. இரண்டாவது காயும் சிதறியது. கண் சிமிட்டுகிற நேரம்தான். ஆனால் வெர்னா கண் சிமிட்டுகிற வழக்கம் இல்லாதவர்.

காரில் ஏறியதும் கதவைச் சாத்தினார்.

“பாத்தியா?”

“பாத்தேன். அது பம்ப் கை.”

“சின்ன வயசுலேர்ந்து பம்ப் இழுத்த கை. தோல் எரிஞ்சாலும் பழக்கம் எரியல. கோகர் வீடு லீவர் வீடுன்னு செத்தவன்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருக்கான். கைக்கு மனப்பாடம் பண்ணி வைக்க மறந்துட்டான்.”

“ஷெரிஃப் ஆபீசுக்கு விடட்டுமா?”

“மொதல்ல ஐஸிகிட்ட. அவளுக்குத்தான் மொதல்ல தெரியணும்.”

வண்டியைக் கிளப்பினேன். அவனைப் பார்த்தபோதே எனக்குப் பிடிக்காமல்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். அது பொய். எனக்கு அவனைப் பிடித்திருந்தது. ஐஸிக்குத் தம்பி இல்லை என்று சொல்லப் போகிறோமே என்று வண்டியை மெதுவாகவே ஓட்டினேன்.

*

ஐஸி சமையலறையில் பிஸ்கட் மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கறிக்குழம்பு. அந்த ஆளை அவள் வீட்டுக்குள் விடவில்லை. வைக்கோல் கொட்டகையில் படுக்கச் சொல்லியிருந்தாள். ஆனால் சாப்பாடு மட்டும் வேளை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

“ஐஸி, உக்காரு” என்றார் வெர்னா.

“நின்னுக்கிட்டே கேக்கறேன்.”

“அவன் உன் தம்பி இல்ல. கடையில லீவர்தான் வேணும்னு வாங்கினான். சுடும்போது கை காட்டிக் குடுத்திடுச்சு. அவன் ஒரு பம்ப் ஆளு.”

“எப்படித் தெரியும்?”

“ரெண்டாவது சுடறதுக்கு முன்னாடி இடது கை மரத்தப் பின்னால இழுத்துச்சு.”

ஐஸியின் கையிலிருந்த உருட்டுக்கட்டை நின்றது.

“எந்தக் கை?”

“இடது.”

“செஞ்சு காட்டு.”

வெர்னா உருட்டுக்கட்டையை வாங்கி, துப்பாக்கிபோல் தோளில் வைத்து, இடது கையை விருட்டென்று பின்னால் இழுத்துக் காட்டினார். மாவு என் கோட்டெல்லாம் பறந்தது. நான் தட்டிவிடுவதற்குள் ஐஸி உட்கார்ந்துவிட்டாள்.

“வெர்னா, எந்தம்பியும் பம்ப்தான்.”

வெர்னா உருட்டுக்கட்டையைத் தோளிலிருந்து இறக்கினார்.

“கோகர் வீடு...” என்று ஆரம்பித்தார் வெர்னா.

“கோகர் வீடு லீவர்தான். எங்கப்பா லீவர், தாத்தா லீவர், நான் லீவர். அவன் மட்டும்தான் இந்த வீட்டுல பம்ப். திருவிழாவுல தகர வாத்து சுடற கடை போடுவாங்கல்ல, அங்க அந்தப் பம்ப் கழுதையத் தொட்டவன்தான், அப்புறம் விடல. கடைக்காரன்கிட்ட பழசு ஒண்ணு கெஞ்சி வாங்கிட்டான். அப்பாவுக்குத் தெரிஞ்சா அடுப்புல வச்சிருப்பாரு. நான்தான் ஒளிச்சு வச்சேன். அப்பா சபைக்குப் போனா நான் வாசல்ல காவல் நிப்பேன், அவன் பின்னால போய்ச் சுடுவான். எங்க ரெண்டு பேரத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.”

“இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?”

“நீ கேட்டியா? கோகர்னா லீவர்னு நீயா முடிவு பண்ணிக்கிட்டே.”

பெரிய வழக்குகளில் எல்லாம் தோற்காத என் பாஸ், உருட்டுக்கட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு வாதுமைக் காய் அளவுக்குச் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன். ரசிக்கத்தான் ஆசை. நேரமில்லை.

“பம்ப் ஆளுங்க ஊருல எத்தனையோ பேரு பாஸ்” என்றேன். “ஓக்கிகூட பம்ப்தான். அதுக்காக அவரு வெண்டெல் ஆயிடுவாரா?”

“மாட்டாருதான். இன்னும் நிரூபணம் இல்ல.” வெர்னா கண்ணாடியைத் துடைத்தார். மாவுக் கையால் துடைத்ததில் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. “ஐஸி, நீ கேட்டப்ப அவன் என்ன சொன்னான்? சொன்ன வார்த்தைய அப்படியே சொல்லு. ‘தெரியாது’ன்னா சொன்னான்?”

“இல்ல. ‘சொல்ல முடியாது’ன்னான்.”

“தெரியாதவன் தெரியாதும்பான். இல்லன்னா எதையாவது அடிச்சு விடுவான். தெரிஞ்சவன்தானே சொல்ல முடியாதும்பான்?” வெர்னா கதவைத் திறந்தார். “மறுபடி போய்க் கேளு. இந்த வாட்டி ‘ஏன் சொல்ல முடியாது’ன்னு கேளு.”

*

அவன் கொட்டகை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தான். புதுத் துப்பாக்கி சுவரில் சாய்ந்திருந்தது. ஐஸி மாவுக் கையோடு அவன் எதிரில் போய் நின்றாள்.

“ஏன் சொல்ல முடியாது?”

அவன் கோடரியைக் கட்டையில் செருகினான். யோசித்தான்.

“நீதான சத்தியம் வாங்குனே” என்றான்.

“நானா? எப்ப?”

“சமையக்கட்டு மேஜையில. அம்மாவோட பைபிள் மேல கைய வைக்கச் சொல்லி. ‘நான் சத்தியத்துலேர்ந்து அவுத்து விடற வரைக்கும் எவன்கிட்டயும் மூச்சு விடக் கூடாது, எங்கிட்டகூட வாயத் தொறந்து அதப் பத்திப் பேசக் கூடாது, அப்பாவுக்குச் செவுத்துலெல்லாம் காது இருக்கு’ன்னு சொன்னே.”

தம்பிகளிடம் அக்காக்கள் வாங்குகிற சத்தியங்களுக்குக் கணக்கு வழக்கு கிடையாது. வாங்கியவர்கள் மறந்துவிடுவார்கள். கொடுத்த மடையன் போருக்குப் போய், டாங்கியில் வெந்து, ஊர் திரும்பி, தன் வீட்டு வைக்கோலில் அந்நியனாகப் படுத்துக்கொண்டு அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

“ஜெயிலுக்குப் போயிருப்பியேடா!”

“நீ கேப்பேன்னு இருந்தேன்.”

“நீ சொல்லுவேன்னு நான் இருந்தேன்டா!”

“சொல்லக் கூடாதுன்னு சொன்னவளே நீதானே?”

“சரி, அவுத்து விட்டேன். போ.”

“பைபிள் மேல?”

நான் ஓடினேன். யாரும் சொல்லாமலே ஓடிப்போய்ச் சமையலறை அலமாரியிலிருந்து பைபிளைக் கொண்டுவந்தேன். ஐஸி அதன்மேல் மாவுக் கையை வைத்தாள்.

“அவுத்து விட்டேன்.”

அவன் எங்களைத் தாண்டி நடந்தான். கோழிக்கூட்டைத் தாண்டி, சரிவில் இறங்கி, பால் கெடாமல் குளிர்ந்திருக்க ஊற்றின்மேல் கட்டியிருந்த கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தான். உள்ளே ஜாடிகள் நகர்கிற சத்தம். பிறகு பலகை ஒன்று பெயர்கிற சத்தம். வெளியே வரும்போது கையில் எண்ணெய்த் துணி சுற்றிய நீள மூட்டை இருந்தது.

துணியைப் பிரித்தான். பழைய பம்ப் துப்பாக்கி. திருவிழாக் கடையில் எத்தனையோ தகர வாத்துகளைச் சாய்த்த துப்பாக்கி. இடது கை மரத்தைப் பிடித்து, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளியது. வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போய்வந்தது.

அவன் தலை நிமிர்ந்தான்.

“எண்ணெ போட்டிருக்கே.”

“சீசனுக்குச் சீசன் போட்டேன்.”

“அப்பா இருந்தப்பவே?”

“துருப் புடிச்சா நீ வந்து கத்துவியே.”

அந்த வெந்த முகத்தில் அழுகை எந்த வழியில் வருவது என்று தெரியாமல் தவித்தது. ஐஸி அழவில்லை. அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். வெள்ளையாக ஐந்து விரலும் சட்டையில் பதிந்தது. வெர்னா கண்ணாடியில் மாவு இருந்ததால் எதுவும் தெரியவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார்.

“அக்கா” என்றான் வெண்டெல். “திங்கக்கிழம ஜட்ஜ்கிட்ட நான் வெண்டெல் இல்லன்னு சொல்லிடறேன். நான் இல்லன்னா வீடு உனக்குத்தானே?”

“அவன்தான்னு நான் சொல்லுவேன்!”

“நான் இல்லன்னு சத்தியமே பண்ணுவேன்.”

“பண்ணித்தான் பாரேன், தோல உரிக்கறேன்!”

“பாஸ்” என்றேன் மெதுவாக. “காலையில அந்தம்மா இல்லயோன்னாங்க, அவரு ஆமான்னாரு. இப்ப அந்தம்மா ஆமாங்கறாங்க, அவரு இல்லங்கறாரு. நாம யாரு பக்கம்?”

“வாய மூடு டூயி. அந்தப் பைபிள அவகிட்ட குடு.”

கொடுத்தேன். ஐஸி அதை வாங்கித் தம்பியின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள்.

“கைய வை.”

“எதுக்கு?”

“மொதல்ல வைடா.”

அவன் துப்பாக்கியை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையை வைத்தான்.

“இனிமே எங்கிட்ட சொல்லாம இந்த வீட்ட விட்டுப் போக மாட்டேன்னு சொல்லு.”

“நீ அவுத்து விடற வரைக்குமா?”

“அவுத்து விட மாட்டேன்” என்றாள் ஐஸி.